குறுக்குக்காற்று

என் தம்பி ரதோயே ஜன்னல் பொருத்துகிறவன். மொராவா ஆற்றின் இரண்டு கரையிலும் புது ஜன்னல் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் லைட்டரைப் பற்றவைத்துச் சட்டத்தின் நாலு ஓரமும் காட்டுவான். சுடர் அசையாது. அப்போது வீட்டுக்காரர்கள் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டும். போருக்கும் பஞ்சத்துக்கும் ஈடுகொடுத்தவர்கள் நாங்கள். ஆனால் எதிரெதிரே திறந்திருக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஓடுகிற குறுக்குக்காற்றை நினைத்தால் எங்களுக்குக் கைகால் ஓடாது.

கழுத்து பிடித்துக்கொண்டால் குறுக்குக்காற்று, பல் வலித்தால் குறுக்குக்காற்று, வாய் கோணினாலும் அதேதான். ஜூலை வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்து கிடப்போமே தவிர ஜன்னலைத் திறக்க மாட்டோம். நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் குளிர்காலம் முழுக்க ஊரே என் முகத்தில் இருமும். "ஃப்ளூவா?" என்று கேட்டால், "சேச்சே, காத்து பட்டுடுச்சு ஸ்தமென்கா" என்பார்கள். காற்று பட்டவன் வீட்டில் படுக்க வேண்டியதில்லை. அடுத்தவனை விட்டு விலகி நிற்க வேண்டியதில்லை. காற்று ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டுமா என்ன? இந்த நினைப்புதான் எங்கள் ஊரின் பெரிய வியாதி. நான் அந்த வம்புக்கே போவதில்லை. இலை உதிர ஆரம்பித்ததும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

ரதோயேவுக்கும் அவன் மனைவி அஞ்செலியாவுக்கும் பல வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தது. நான் புருஷனை விட்டுவிட்டு வந்து அவர்களோடு மாடியில் இருக்கிறேன், அதனால் அந்த வருஷங்களை எனக்குத் தெரியும். கடைசியில் அஞ்செலியா கர்ப்பமானாள். டாக்டர் ஸ்மில்கா சொன்னபடி வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டாள். தாய்க்குப் போடுகிற ஊசி பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்றார் டாக்டர். ஆனால் அது போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்கு அவசரம். இரண்டு மாதம் முன்னாடியே பிறந்துவிட்டாள். இன்குபேட்டரில் கிடந்து, நவம்பர் நடுவில் வீட்டுக்கு வந்தபோது சந்தையில் வாங்குகிற வாத்தைவிட எடை குறைவு. நிகோலியா என்று பேர் வைத்தோம்.

அடுத்த நாளே டாக்டர் ஸ்மில்கா வீட்டுக்கு வந்தார். குள்ளமான மனுஷி, கரகரத்த குரல், கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. ஊரில் பாதிப் பேர் அவர் பிறக்க வைத்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். எனக்கு அவரைப் பார்த்தாலே முதுகு நிமிரும். எத்தனையோ படித்தவர்களை டிக்கெட் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், ஒருத்தரும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை. படிப்பை ஒருத்தர் தலையில் கொட்டாமல் கையில் கொடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஸ்தமென்கா, உன்கிட்ட நேரா சொல்றேன். இந்த நுரையீரலுக்கு ஃப்ளூ வந்தா தாங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நம்ம ரோட்டுல போய்ச் சேர எவ்வளவு நேரம்னு உனக்குத் தெரியும். அதுவரைக்கும் இவ இருப்பான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப ஊசி போட்டுடுங்க, டாக்டரம்மா."

"ஆறு மாசம் ஆகாம போட முடியாது. அவளுக்குப் போட முடியாததால சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கணும். நீங்கதான் வேலி. நீ போட்டாச்சு, அஞ்செலியா போட்டாச்சு. வேலியில ஒரு ஓட்டைதான் இருக்கு."

அந்த ஓட்டை சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எதிரே போய் உட்கார்ந்து, அவரும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். ரதோயே முந்திக்கொண்டான்.

"எனக்கு வேணாம், டாக்டரம்மா. முன்ன ஒரு தடவை போட்டேன்ல? நாலே நாள்ல படுத்துட்டேன். ஊசிதான் காய்ச்சலைக் கொண்டு வந்துச்சு."

"எப்ப போட்ட? ஜனவரி கடைசியில. ஊர்ல பாதிப் பேர் படுத்துக் கிடக்கும்போது. ஊசி உடம்புல பிடிக்க ரெண்டு வாரம் வேணும், ரதோயே. நீ குடையை வாங்கப் போறதுக்குள்ள நனைஞ்சுட்ட. அந்த ஊசிக்குள்ள உயிரோட கிருமியே கிடையாது. செத்தது உன்னை எப்படிக் கடிக்கும்?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ரெண்டு பக்கமும் ஜன்னலைக் கழட்டிட்டு நின்னேன். காத்து பட்டுச்சு. அதான்."

"டேய், ஊசியா காத்தா, ஏதாவது ஒண்ணைச் சொல்லு," என்றேன் நான்.

"ரெண்டும்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. கேலி செய்வதை எனக்கு விட்டுவிட்டு, சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே பேசினார். அவர் அந்தக் கிருமியைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வரும். எதிரணி ஆட்டக்காரனைப் பற்றிக் கால்பந்து பைத்தியங்கள் பேசுவார்களே, அந்த மாதிரி.

"அது சாமர்த்தியசாலி, ரதோயே. வருஷா வருஷம் சட்டையை மாத்திக்கிட்டு வரும். போன வருஷம் பிடிச்ச போலீஸ்காரனுக்கு இந்த வருஷம் அடையாளம் தெரியாது. வடக்கே குளிர்காலம் முடிஞ்சா தெற்கே போகும், அங்க முடிஞ்சா இங்க வரும். நாமளும் சும்மா இல்ல. எந்த ஊர்ல எந்தச் சட்டையில சுத்துதுன்னு உலகம் பூரா பார்த்துக்கிட்டே இருக்காங்க. பிப்ரவரியில உக்காந்து, அடுத்த குளிருக்கு இன்னது வரும்னு முடிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி ஊசி தயாரிக்கிறாங்க."

"கணிப்பு தப்பாயிடுச்சுன்னா?"

"சில வருஷம் கொஞ்சம் தப்பும்."

"அப்ப லாட்டரி."

"நீ வீட்டுல அளவெடுத்துக்கிட்டுப் போய்ப் பட்டறையில ஜன்னல் செய்யுற. கொண்டு வந்து மாட்டும்போது சுவர் லேசா சாஞ்சிருக்கு. ஓரத்துல விரல் அகலம் இடைவெளி. அதுக்காக ஜன்னலே வேணாம்னு விட்டுட்டு வருவியா? மழை உள்ள வராதுல்ல. ஊசியும் அப்படித்தான். சரியா பொருந்தாத வருஷத்துலயும் ஆளை ஆஸ்பத்திரி வரைக்கும் போகவிடாம பிடிச்சு வைக்கும்."

ரதோயே கரண்டியைக் கீழே வைத்தான். சூப்பில் பாதி அப்படியே இருந்தது. எழுந்துவிட்டான்.

அஞ்செலியா குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் உயர்த்தவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, ஊசி போடாத கை எம்பொண்ணைத் தொட வேணாம்."

"எம்பொண்ணும்தான்."

"அதனாலதான் சொல்றேன்."

உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. ரதோயே போட்டதுதான், ரப்பர் பட்டை வைத்தது, சத்தம்கூட உள்ளே போகாது. அதற்குப் பிறகு அவன் மகளைப் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். வேலையிலிருந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அங்கே போய் நிற்பான். உள்ளே அஞ்செலியா குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். இவன் விரலால் கண்ணாடியைத் தட்டுவான், அது தூங்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பெற்ற மகளை ஒரு தடவைகூடக் கையில் வாங்காமல் ஒருத்தன் இத்தனை நாள் வீம்பு பிடிப்பானா? பிடித்தான்.

டிசம்பரில் ஒருநாள் மதியம் என் டிக்கெட் ஓட்டைக்கு எதிரே வந்து நின்றான். கோட்டைத் தோள் வரை இறக்கி, கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினான்.

"போட்டுட்டேன்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே."

"டாக்டரம்மா சொல்றாங்க, ஸ்லாவா விருந்து நாளுக்குள்ள ஊசி பிடிக்காதாம். ரெண்டு வாரம் ஆகுமாம். இன்னும் தூக்கக் கூடாதாம்." இதைச் சொல்லும்போது அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் கண்ணாடி ஓட்டை வழியாகக் கையைவிட்டு அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். பிறகு உஸிட்சேவுக்கு டிக்கெட் கேட்டவனைக் கவனித்தேன்.

ஸ்லாவாதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஸ்லாவா என்றால் குலத்துக்குக் காவல் நிற்கிற புனிதருக்கு வீட்டில் எடுக்கும் விழா. எங்கள் குலத்துக்குப் புனித நிகோலாஸ். அவர் நாள் டிசம்பர் நடுவே, ஃப்ளூ ஊருக்குள் கூடாரம் போடுகிற நேரத்தில் வரும். மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். வீட்டுத் தலைவன் அன்று முழுக்க உட்காரக் கூடாது, நின்றுகொண்டே உபசரிக்க வேண்டும். வருகிற ஒவ்வொருத்தரையும் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து உள்ளே அழைக்க வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

"இந்த வருஷம் மட்டும் ஆளுங்களை வர வேணாம்னு சொன்னா என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

"ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுறதில்லையே, டாக்டரம்மா," என்றாள் அஞ்செலியா. "கூப்பிடாதவங்களை எப்படி வராதீங்கன்னு சொல்றது?"

"பிள்ளை பெத்த வீட்டுக்கு நாற்பது நாள் யாரும் வரக் கூடாதுங்கிற வழக்கம் இருக்கே?"

"நாற்பது முடிஞ்சுபோச்சு. இனிமேதான் எல்லாரும் பார்க்க வருவாங்க."

டாக்டர் சூரியகாந்தி விதை ஒன்றைக் கடித்தார். "நம்ம வழக்கங்களை வகுத்தவங்க இவ நுரையீரலைப் பார்த்ததில்ல. சரி. ஜன்னலையாவது திறந்து வைங்க. மூடின அறையில ஒருத்தன் இருமினா அது அங்கேயே மிதந்துக்கிட்டு இருக்கும்."

ரதோயே தாடையைச் சொறிந்தான். "ஸ்லாவா அன்னைக்கு ஜன்னலைத் திறந்து வச்சா, ஜன்னல்காரன் வீட்டுலயே குறுக்குக்காத்துன்னு மூணு தலைமுறைக்குப் பேசுவாங்க, டாக்டரம்மா."

ஸ்லாவா அன்று காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. கெண்டை மீன் பொரியலும் அடுப்பில் வைத்த பீன்ஸும் வாசலிலேயே மணத்தன. வாசலில் நான் வேகவைத்த இனிப்புக் கோதுமைத் தட்டோடு நின்றேன். வழக்கமாக ஒரே கரண்டியை டம்ளர் தண்ணீரில் முக்கி முக்கி எல்லோரும் சாப்பிடுவோம். இந்த முறை ஆளுக்கொரு கரண்டி வைத்திருந்தேன். "என்ன, பெரிய இடம் ஆயிட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்கு, "ஆமா, கரண்டி விலை குறைஞ்சுபோச்சு" என்றேன். டாக்டர் ஸ்மில்காவும் வந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, மீனை முள் எடுத்துச் சாப்பிட்டபடி, அந்தக் கதவருகே போனவர்களிடமெல்லாம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பேச்சில் பிடித்து வைத்தார். அவரைக் காவலுக்கு யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது வேலையும் இல்லை. முந்தின நாள் ஞாயிறு முழுக்க ஓய்வில்லாமல் நோயாளி பார்த்துவிட்டு வந்தவர்.

ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. அறையில் மூச்சு முட்டியது. உள்ளறையில் அஞ்செலியா குழந்தையோடு இருந்தாள்.

மதியம் வுகாஷின் வந்தான். எங்கள் ஊரில் கூம் என்றால் கல்யாணத்தில் சாட்சி நின்றவன், பிறக்கிற பிள்ளைக்கு ஞானத்தகப்பன். கூடப் பிறந்தவனைக்கூடக் கோபித்துக்கொள்ளலாம், கூமுக்கு முகம் சுளிக்கக் கூடாது. வுகாஷின் ரதோயேவின் கூம். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நடக்கும்போதே கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்தான். வாசலிலேயே ரதோயேவைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தான். மூன்றாவதில் இருமினான்.

"என்ன கூம், உடம்பு சரியில்லையா?" என்றான் ரதோயே.

"காத்து பட்டுடுச்சுப்பா. லாரியில அந்தப் பக்கத்து ஜன்னல் முழுசா ஏறல. நாலு சுத்து பிளம் சாராயம் உள்ள போனா சரியாயிடும்."

"உடம்பு கொதிக்குதே."

"காத்துன்னா கொதிக்கத்தான் செய்யும். எங்க எம்பொண்ணு? ஞானத்தகப்பன் பார்த்து நெத்தியில முத்தம் குடுக்காம சாப்பாடு இறங்காது." சொல்லிக்கொண்டே கூட்டத்தைக் கையால் விலக்கிக் கண்ணாடிக் கதவை நோக்கிப் போனான்.

டாக்டர் எழுந்து அவனிடம் மூட்டுவலி பற்றிக் கேட்டார். வுகாஷினுக்கு மூட்டுவலி கிடையாது. "அப்புறம் பேசலாம், டாக்டரம்மா" என்று தள்ளிக்கொண்டு கைப்பிடியில் கை வைத்தான். உள்ளே அஞ்செலியா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவர் வரை பின்வாங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டாக்டர் அவன் முழங்கையைப் பிடித்தார். அந்தச் சின்ன மனுஷி எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும்? மேஜையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கூமைக் கதவிலிருந்து இழுத்தால் அது சண்டை. ஸ்லாவா அன்று கூமோடு சண்டை போட்ட வீட்டை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். என் கையில் கோதுமைத் தட்டு. எறிந்துவிட்டு ஓடலாமா என்று நினைத்தேன்.

ரதோயே வுகாஷினிடம் போகவில்லை. கூடத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் போய்ப் பெரிய ஜன்னலை அகலத் திறந்தான். பிறகு நிதானமாகக் குறுக்கே நடந்து மேற்குப் பக்கத்து ஜன்னலையும் திறந்தான். டிசம்பர்க் காற்று மேஜைமேல் ஓடியது. காகித நாப்கின்கள் பறந்தன.

"ரதோயே, என்னப்பா பண்ற," என்று யாரோ முனகினார்கள். ஒரு பெண் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டாள். ஒரு கிழவர் கையில் கிண்ணத்தோடு எழுந்தே விட்டார்.

வுகாஷின் திரும்பிப் பார்த்தான். அவன் நின்றது இரண்டு ஜன்னல்களுக்கும் சரியாக நடுவில். லாரி ஓட்டி, ஆளை அடித்து, பனியில் பன்றி வேட்டைக்குப் போகிறவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டுக் காலரைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டான்.

"மூடுப்பா, ஏற்கெனவே காத்து பட்டு வந்திருக்கேன். செத்துப்போவேன்."

"மூட முடியாது, கூம்," என்றான் ரதோயே. "உள்ள புழுக்கம். எல்லாரும் முற்றத்துக்கு வாங்க. வெளியில குறுக்குக்காத்து கிடையாது. அங்க நெருப்பு மூட்டிக்கலாம். முதல்ல நீ வா, உனக்குத்தான் மரியாதை."

எங்கள் கணக்கில் இதில் ஒரு தப்பும் இல்லை. வெளியில் அடிக்கிற காற்று எவ்வளவு அடித்தாலும் சாதாரணக் காற்று. ஜன்னல் வழியாக வந்து ஜன்னல் வழியாகப் போகிறதுதான் ஆளைக் கொல்லும். அத்தனை பேரும் தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த முற்றத்துக்கு உயிர் தப்பி ஓடினார்கள். முதலில் ஓடியவன் வுகாஷின்.

கூடத்தில் ஸ்லாவா மெழுகுவர்த்தி படபடத்தது. அது அன்று அணையக் கூடாது. சாயங்காலம் வீட்டுத் தலைவன் ஒயின் ஊற்றித்தான் அணைக்க வேண்டும். தானாக அணைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். டாக்டர் ஸ்மில்கா காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இரண்டு கையாலும் சுடரை மறைத்துப் பிடித்திருந்தார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

"நான் வாங்கிக்கிறேன், டாக்டரம்மா. நீங்க வெளிய போங்க, இங்க குளிருது."

"இருக்கட்டும். உன் தம்பி பண்ணின காரியத்தை ஒரு நிமிஷம் நின்னு பார்த்துக்கிறேன்," என்றார். "என்னால இத்தனை வருஷமா இந்த ஊர்ல ஒரு ஜன்னலைத் திறக்க வைக்க முடியல. அவன் ஊரையே ஜன்னலுக்கு வெளிய அனுப்பிட்டான்."

அவர் அதைப் பொறாமையில்லாமல் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. வெளியே முற்றத்தில் ரதோயே தலையில் தொப்பி இல்லாமல் நின்றுகொண்டு, பழைய ஜன்னல் சட்டங்களை உடைத்து நெருப்பில் போட்டு, ஒவ்வொருத்தருக்கும் மீன் பரிமாறிக்கொண்டிருந்தான். அதற்குள் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் நடந்த ஸ்லாவாக்களிலேயே நல்ல ஸ்லாவா அதுதான் என்று பிறகு ஊரில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே வுகாஷின் படுக்கையில் விழுந்தான். பிறகு நிமோனியா என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான். "அன்னைக்கு உங்க தம்பி ஜன்னலைத் திறந்தான்ல, அதுல வந்துச்சு, அக்கா" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறான். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன்.

அவனிடம் மூன்று முத்தம் வாங்கியவன் தப்புவானா? ரதோயேவுக்கும் வந்தது. தொண்டை கரகரத்த அந்த நிமிஷமே, யாரும் சொல்லாமல், தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு முற்றத்தின் கோடியில் இருக்கும் பட்டறைக்குப் போய்விட்டான். சாப்பாட்டை வாசலில் வைக்கச் சொன்னான். நான் உள்ளே காலெடுத்து வைத்தால் கத்தினான்.

டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். நீளமான பஞ்சுக்குச்சி ஒன்றை அவன் மூக்குக்குள் விட்டுச் சுழற்றினார். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இது எதுக்கு, டாக்டரம்மா? ஃப்ளூன்னு தெரிஞ்சதுதானே."

"எந்தச் சட்டையில வந்திருக்குன்னு தெரிய வேணாமா? நான் வாரா வாரம் கொஞ்சம் பேர் மூக்குலேருந்து எடுத்து பெல்கிரேடுக்கு அனுப்புறேன். அங்க பார்த்துட்டு, முக்கியமானதை வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. பிப்ரவரியில உக்காந்து முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னேன்ல? சும்மா ஆகாயத்தைப் பார்த்தா முடிவு பண்றாங்க? இந்த மாதிரி மூக்கை எல்லாம் பார்த்துத்தான்."

ரதோயே மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அப்ப அடுத்த வருஷ ஊசியில என்னோடதும் இருக்குமா?"

"இருந்தாலும் இருக்கும்."

"அக்கா, கேட்டியா?" என்றான் என்னைப் பார்த்து, காய்ச்சலில் உதடு வெடித்து, மகா பெருமையாக. எனக்கு அவனைப் பழிக்கத் தோன்றவில்லை. பனியில் காரை நிறுத்திவிட்டு நடந்து வருகிற ஒரு டாக்டர், ஒரு ஜன்னல்காரன் மூக்கு, பெல்கிரேடு, அதற்கு அப்பால் பேர் தெரியாத ஊர்களில் இதே மாதிரிக் குச்சியோடு உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு வேலி கட்டுகிறார்கள். டாக்டர் குப்பியை மூடிக் கோட்டுப் பையில், சூரியகாந்தி விதை இல்லாத பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் பிறந்ததற்காக எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

எங்கள் கிறிஸ்மஸ் ஜனவரியில்தான் வரும். அதற்கு முந்தின நாள் வழக்கப்படி ஓக் கிளையை நெருப்பில் வைத்தபோது ரதோயே பட்டறை வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தான். அஞ்செலியா உள்ளறை ஜன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கன்னம் உப்பியிருந்தது. இவன் கை ஆட்டினான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

கிறிஸ்மஸ் கழிந்து டாக்டர் வந்து அவன் நெஞ்சைப் பார்த்தார். "காய்ச்சல் விட்டு எத்தனையோ நாளாச்சு. கிருமியும் போயாச்சு, ஊசியும் பிடிச்சாச்சு. இனி உன்கிட்டேருந்து யாருக்கும் எதுவும் வராது. போய் உம்பொண்ணைத் தூக்கு."

அவன் குளித்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான், மறுபடியும் தேய்த்தான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். அஞ்செலியாதான் உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க," என்றாள்.

ஜன்னல் கண்ணாடியை ஒற்றை ஆளாக மூன்றாவது மாடிக்குத் தூக்குகிறவன், கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். அஞ்செலியா அவன் கையை மடக்கி வைத்துக் குழந்தையை அதில் படுக்க வைத்தாள். நிகோலியா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போய் டாக்டரைப் பார்த்தேன். டாக்டருக்கு முன்பே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"மூச்சு விடுங்க," என்றாள் அஞ்செலியா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "டாக்டரம்மா சொல்லிட்டாங்கள்ல, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சு விடுங்க."

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சுவரைப் பார்த்து மூச்சை விட்டான். பிறகு இன்னொரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தான்.